பவர் ஏற்றிய சின்ன காருக்கு பிரேக் வேலை: கேள்வி பதில்

எஞ்சின் வேலை, சஸ்பென்ஷன், அலாய் வீல் எல்லாம் முடித்துவிட்டு இப்போது பிரேக்குக்கு வந்திருக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். என் ஹேட்ச்பேக்கிலும் நண்பர்களின் வண்டிகளிலும் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவைதான் இவை. புதியவர்களுக்கு: சக்கரத்தோடு சுழலும் தட்டு டிஸ்க், அதை உரசிப் பிடிப்பது பேட், ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனால் பேட்டைத் தள்ளுவது காலிபர்.

அண்ணா, ஹேட்ச்பேக்கில் டர்போ போட்டு ரீமேப்பும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங் மாற்றம்) செய்துவிட்டேன். நாலு பிஸ்டன் காலிபரும் பெரிய டிஸ்க்கும் வாங்கப் போகிறேன். வண்டி நிற்கும் தூரம் எவ்வளவு குறையும்?

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த, சமமான இடத்தில் 60 கி.மீ. வேகத்தில் போய்ப் பெடலை முழு பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) பெடலில் துடிக்கிறதா? துடித்தால், சக்கரத்தைப் பூட்டும் பலம் கம்பெனி பிரேக்கிடமே இருக்கிறது. அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்புதான். பெரிய கிட் போட்டாலும் அந்தத் தூரம் குறையாது, நல்ல டயர் போட்டால் குறையும்.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? சூட்டைத் தாங்க. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 100-லிருந்து நிறுத்துவதைவிட 140-லிருந்து நிறுத்தும்போது பிரேக் வாங்கும் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பவர் ஏற்றிய வண்டி அந்த வேகத்தைச் சீக்கிரம் எட்டிவிடுகிறது, டிஸ்க் ஆறுவதற்கு இடைவெளியும் கிடைப்பதில்லை. முதல் பிரேக்கில் எந்தக் குறையும் தெரியாது, ஆறாவது ஏழாவது பிரேக்கில்தான் சாயம் வெளுக்கும். டிராக்கில் ஓட்டாதவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் டயர், அப்புறம் புது பிரேக் ஆயில், அப்புறம் நல்ல பேட். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் டிஸ்க்கைப் பற்றிப் பேசலாம்.

மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே வந்து ஆறியதும் சரியாகிவிட்டது. டிஸ்க் சின்னது என்பதாலா?

பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையா, இல்லை பஞ்சு மாதிரி உள்ளே போனதா? கல் மாதிரி என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பஞ்சு மாதிரி என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. திரவம் அழுத்தத்துக்கு அடங்காது, ஆவி அடங்கும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

எனக்கே இது நடந்தது. பழைய கார் ஒன்று வாங்கினேன், ஆயில் மாற்றியாகிவிட்டது என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். இறக்கத்தில் நாலாவது கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து மண் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். இறங்கியபோது கால் நடுங்கியது. ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால், எதுவுமே நடக்காதது போல் பெடல் கெட்டியாக இருந்தது. மறுநாள் காலிபரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தபோது, இளமஞ்சளாக வர வேண்டிய ஆயில் கரும்பழுப்பாக வந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3-ல் இவை 205, 140. அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள். காலை பெடலிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வராமல், அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிட்டுப் பிடியுங்கள்.

டாட் 5 தானே எல்லாவற்றிலும் பெரிய எண், அதையே ஊற்றலாமா?

கூடாது. அது சிலிக்கோன் ஆயில், மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் ஆகாது. உங்களுக்கு வேண்டியது டாட் 5.1. அது டாட் 4-ன் இனம்தான், எல்லைகள் 260, 180 டிகிரி.

ரேஸ் பேட் போட்டால் தினசரி ஓட்டத்துக்கும் நல்லதுதானே?

இல்லை. ரேஸ் பேட் சூடான பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது குளிர்ந்து கிடக்கும், சாதாரண பேட்டைவிட மோசமாகத்தான் பிடிக்கும். கத்தும், டிஸ்க்கையும் தின்னும். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி பிடிக்கும் தெரு ஓட்டப் பேட்களில் உயர்ந்த ரகம் ஒன்று போதும். டிராக்குக்குப் போகும் நாளில் தனி செட் மாட்டிக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் நாலு பிஸ்டன் காலிபர் போட்டதிலிருந்து பெடல் கொஞ்சம் கீழே போகிறது, ஏபிஎஸும் சீக்கிரம் துடிக்கிறது. பிரேக் பலமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

முன் சக்கரங்களில் பலமாகிவிட்டது, காருக்கு நல்லது நடந்ததா என்பது வேறு விஷயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி காலிபரில் 54 மி.மீ. ஒற்றை பிஸ்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பரப்பு 22.9 சதுர செ.மீ. புதியதில் பக்கத்துக்கு இரண்டாக 40 மி.மீ. பிஸ்டன்கள் என்றால் 25.1. (ஒற்றை பிஸ்டன் காலிபர் தானே நகர்ந்து மறுபக்கப் பேட்டையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஒப்பிடும்போது ஒரு பக்கத்து பிஸ்டன்களை மட்டும் எண்ண வேண்டும். நாலையும் கூட்டி இரண்டு மடங்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.) பரப்பு 10 சதவீதம் கூடியிருக்கிறது, ஆயிலும் அவ்வளவு கூடுதலாக உள்ளே போக வேண்டும். பெடல் இறங்குவது அதனால்தான்.

டிஸ்க்கும் 256 மி.மீ.யிலிருந்து 280 ஆகியிருந்தால், பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து தள்ளிப்போய் இன்னொரு 11 சதவீதம் பலம் கூடும். ஆக, முன் பிரேக் 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது, பின் பிரேக் பழைய இடத்திலேயே இருக்கிறது. பின் டயர் தன் பங்கைச் செய்வதற்குள் முன் டயர் எல்லையைத் தொட்டுவிடுகிறது. நிற்கும் தூரம் கூடினாலும் கூடும்.

அதே காலிபர் 36 மி.மீ. பிஸ்டனோடு கிடைத்திருந்தால் பரப்பு 20.4, பெரிய டிஸ்க்கோடு சேர்ந்து பழைய சமநிலை அப்படியே வந்திருக்கும். காலிபர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது பிஸ்டன் விட்டம். பெடலை மேலே கொண்டுவர மாஸ்டர் சிலிண்டரை (மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) பெரிதாக்காதீர்கள். பெடல் மேலே வரும், ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் குறைந்துவிடும், முன்பின் சமநிலையும் மாறாது.

பின்னால் டிரம்தான். டிஸ்க்காக மாற்றலாமா சார்?

நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறது, சின்ன காரில் பின் சக்கரத்துக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான். அதற்கு நல்ல டிரம் தாராளம். தவிர, டிரம் சுழலும்போது உள்ளே உரசும் இரண்டு ஷூக்களில் முன் ஷூவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு டிரம்முக்கென்றே அமைக்கப்பட்டது. வால்வை மாற்றாமல் டிஸ்க் போட்டால் பிரேக் குறையலாம், அளவு தப்பிப் பெரிதாகப் போட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும். இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது.

உங்கள் மாடலிலேயே பின் டிஸ்க்கோடு ஒரு வகை வந்திருந்தால், அதன் காலிபர், ஹப் (சக்கரம் மாட்டும் பாகம்), ஹேண்ட் பிரேக் கேபிள், மாஸ்டர் சிலிண்டர், வால்வு, ஏபிஎஸ் யூனிட் எல்லாவற்றையும் மொத்தமாக எடுங்கள். இல்லையென்றால் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள்.

துளை போட்ட டிஸ்க் நல்லதா, கோடு போட்டதா?

தெரு ஓட்டத்துக்கு வெறும் டிஸ்க் போதும். கடுமையாக ஓட்டினால் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். கோடு போட்டது தேவலாம்.

புது டிஸ்க் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, 80-ல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் துருவின் மேலேயே மாட்டியிருப்பார்கள். அங்கே ஒரு துருச் செதில் இருந்தாலே டிஸ்க் ஆடும், ஆட ஆட ஒரு பக்கம் மட்டும் தேயும். தலைமுடியைவிட மெல்லிய தடிமன் வேறுபாடே கைக்குத் தெரிந்துவிடும். வீல் நட்டையும் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள்.

இன்னொரு காரணம், பேட்டைப் பழக்காமல் விடுவது. 60-லிருந்து 10 வரை மிதமாக எட்டு, பத்து தடவை பிரேக் பிடியுங்கள், நடுவில் முழுதாக நிற்காதீர்கள், பிறகு கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேட்டை மிதித்தபடியே நின்றால் பேட்டின் பொருள் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

காலிபர் மாற்றி இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றி ஏர் எடுத்துவிட்டேன், இன்னும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா?

மாஸ்டர் சிலிண்டரைத் தொடுவதற்கு முன், சக்கரத்தைக் கழற்றி நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிபரின் உச்சியில் இருக்க வேண்டும். கீழே பார்த்துக்கொண்டிருந்தால் இடதும் வலதும் மாறிப் போயிருக்கிறது. காற்று மேலே தங்கிவிடும், நீங்கள் கீழே எவ்வளவு ஆயில் எடுத்தாலும் அது அசையாது. இரண்டையும் இடம் மாற்றி மாட்டி மறுபடி ஏர் எடுங்கள். ஆயில் டப்பா காலியாகாமல் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், எஞ்சினை ஸ்டார்ட் செய்து பெடல் கெட்டியாகும் வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டு, வீட்டு வாசலில் நடை வேகத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தபிறகே தெருவுக்கு எடுங்கள்.