வடக்குப் பார்த்த வாசலில் வண்ண இலைகள்

கேள்வி: எங்கள் வீடு வடக்குப் பார்த்தது, எதிரே மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. வெயில் விழாத வராந்தாவில் குரோட்டன்ஸ் வைத்தேன். ஆறே மாதத்தில் புதிதாக வந்த இலைகளெல்லாம் பச்சையாகிவிட்டன. கலாடியமோ மார்கழியில் ஒவ்வோர் இலையாகச் சாய்ந்து, தை முடிவதற்குள் வெறும் தொட்டியாகிவிட்டது. எங்கள் நிழலுக்கு வண்ணச் செடியே வாய்க்காதா?
— வாசகி, தாம்பரம்

பதில்: முதலில், அந்தக் கலாடியத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கலாடியம் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த கிழங்குச் செடி. ஈரமும் வெப்பமும் குறையும் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் உறங்குவது அதன் இயல்பு. மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அழுத்தும்போது கூழாகி நாற்றம் வந்தால்தான் அழுகிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அழுகுவதற்குக் காரணம், இலை சாய்ந்ததைக் கண்டு பதறி, தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றுவதே. உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம். அதை எடுத்து, ஒட்டிய மண்ணை உதிர்த்து, சில நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வீட்டுக்குள் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது.

கோடை மழை ஒன்று விழுந்ததும், முளைக்கண் மேலே பார்த்திருக்க, இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். செம்மண், மக்கிய தொழுவுரம், கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்த மண் போதும். நடுவிலிருக்கும் பெரிய முளையை மட்டும் நுனிக் கத்தியால் கிள்ளி எடுத்துவிட்டால், சுற்றியுள்ள சிறு முளைகள் கிளம்பி, இலைகள் சற்றே சிறியவையாக இருந்தாலும் தொட்டி அடர்ந்து நிறையும். புதிய இலை ஊதுவத்தி பருமனில் இறுகச் சுருண்டு வந்து, பிரியும்போது நரம்புகளின் சிவப்பு முதலில் தெரியும். அந்தக் காலைப் பொழுதைத் தவறவிடாமல் பாருங்கள். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை அள்ளிப் போட்டால் பச்சை மேலோங்கி வண்ணம் மங்கும்.

குரோட்டன்ஸ் விஷயம் வேறு. நம் ஊரில் வண்ண இலை எதுவானாலும் ‘குரோட்டன்ஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. உண்மையான குரோட்டன்ஸ் வெயிலை விரும்பும் செடி. ஒளி குறையும்போது, கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் உணவாக்கிக்கொள்ளப் புதிய இலையில் பச்சையம் மிகுந்துவிடுகிறது. அதை மாடிக்கோ தெருப்பக்கத்துக்கோ, ஒரே நாளில் அல்லாமல் பத்து நாளில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். அதன்பின் விடும் இலைகளில் நிறம் திரும்பும்.

நிழல் என்றாலும் அதில் அளவு உண்டு. நண்பகலில் வராந்தாவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கிய நிழலாவது விழுந்தால் வண்ண இலைச் செடிகளுக்கு அந்த இடம் ஏற்றது. நிழலே விழவில்லையானால் அது இருட்டு, அங்கே எந்தச் செடியும் வெகுநாள் தாங்காது. உங்கள் இடத்துக்கு நான் முதலில் சொல்வது அக்லோனிமா. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரங்களின் அடியில் வளர்ந்த இனம் என்பதால் நிழல் அதற்குப் பிறந்த வீடு. சிவப்பும் இளஞ்சிவப்புமாக இன்று நர்சரிகளில் கிடைப்பவை, சுமத்ரா காட்டு இனம் ஒன்றை வைத்து இந்தோனேசியாவில் 1980-களில் தொடங்கிய கலப்பினப் பணியின் வழிவந்தவை. வெள்ளியும் பச்சையும் கலந்த வகையை உட்புறச் சுவரோரமாகவும், சிவப்பு வகையை வராந்தாவின் வெளி விளிம்பிலும் வையுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். நிழலில் மண் மெல்லத்தான் உலரும்.

காலையில் ஒரு மணி நேரமாவது இளவெயில் எட்டும் மூலை இருந்தால் கோலியஸ் வையுங்கள். பூந்தண்டு தலைகாட்டியதும் கிள்ளிவிடாவிட்டால் செடி நெட்டையாகி இலை சிறுத்துவிடும். கிள்ளிய கொழுந்துகளில் பூவில்லாதவற்றைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தால் இரண்டு வாரத்துக்குள் வேர் விடும்.

கேள்வி: கலாத்தியா இலைகளின் ஓரம் தொடர்ந்து கருகுகிறது. தினமும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஊற்றுகிறேன். பூச்சி எதுவும் தென்படவில்லை.
— வாசகர், திருப்பூர்

பதில்: நீரிலுள்ள உப்பே முதல் சந்தேகத்துக்குரியது. தொட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் படிவு தெரிகிறதா என்று பாருங்கள். வேர் உறிஞ்சிய நீர் இலை நுனிவரை சென்று ஆவியாகும்போது, உப்பு மட்டும் அங்கேயே தங்கி ஓரத்தைக் கருக்குகிறது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நல்ல தீர்வு. அதுவரை மாதம் ஒருமுறை, தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வடியும்படி, உப்புக் குறைந்த நீரை ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படும் இடமானால் செடியை மாற்றுங்கள். கருகிய ஓரம் மீண்டும் பச்சையாகாது. புதிய இலை பழுதின்றி வருகிறதா என்பதையே கவனியுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வண்ண இலைச் செடிகளை வைக்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: கலாடியம், அக்லோனிமா, டைபன்பாக்கியா ஆகிய மூன்றையும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கருணைக்கிழங்கு நாக்கில் அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இவற்றின் இலையிலும் உள்ளன. மென்றால் வாய் எரிந்து வீங்கும். அப்படி நேர்ந்துவிட்டால் வாயைத் துடைத்து, குளிர்ந்த நீரோ பாலோ கொடுத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கலாத்தியாவில் இந்த அச்சம் இல்லை. தரையோரம் வைக்க அதையே தேர்ந்தெடுங்கள்.