டிவிடி கடைசியில் உறைகிறது: மூல கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். விஎச்எஸ் வீடியோ கேசட்டிலிருந்து பதிந்த 2 மணி நேர டிவிடி-ஆரில் (ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்) கடைசி 15 நிமிடம் மட்டும் உறைகிறது என்கிறீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், படத்தின் முடிவு வெளி விளிம்பில் இருக்கும். கைரேகை படுவதும், தரவு பதியும் சாய அடுக்கு முதலில் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். விஎச்எஸ் தேய்ந்தால் படம் மெல்ல மங்கும், கோடு விழும். டிவிடியோ, படிக்க முடியாத தரவைக் கணக்கிட்டு ஈடுகட்டும் பிழைதிருத்தம் தாங்கும்வரை சுத்தமாக ஓடிவிட்டு, திடீரென நின்றுவிடும்.

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். பிழைதிருத்தத்தால் சமாளிக்க முடியாது. பிறகு கம்ப்யூட்டரில் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற தரவு மீட்பு மென்பொருளால் ஐஎஸ்ஓ, அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாக எடுங்கள்; செக்டர் (டிஸ்க்கைப் படிக்கும் சிறு துண்டு) அளவு 2048 பைட். ஒரு டிரைவ் படிக்காததை வேறொன்று படிப்பதுண்டு. எந்தப் பகுதி படிக்கப்பட்டது என்று டிடிரெஸ்கியூ குறித்துவைக்கும் அதே மேப் ஃபைலைக் கொடுத்தால் விடுபட்ட பகுதியை மட்டும் தேடும்.

அப்படியும் தேறாவிட்டால் கேசட்தான் கதி. நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே வேண்டாம், நாடாவைப் படிக்கும் ஹெட்டும் பாழாகும். இல்லையென்றால், முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திவிட்டு இயக்குங்கள். இந்த முறை ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு பிரதியாகப் பதியுங்கள். தெளிவு கூடுமென எதிர்பார்க்காதீர்கள்: பிஏஎல் (இந்தியாவில் உள்ள டிவி முறை) டிவிடி 720×576 பிக்சல் என்றாலும், விஎச்எஸ் தரும் தெளிவு கிடைமட்டத்தில் சுமார் 240 கோடு அளவுதான்.