மகளிர் குழு ஆய்வுக்கு மாதிரி எடுப்பது குறித்து

வணக்கம். உங்கள் மாவட்டத்து மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் கடனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அறிய, வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பி 400 பதில்கள் பெற்றால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். 95 விழுக்காடு நம்பிக்கை, 5 விழுக்காடு பிழை எல்லை (அதாவது இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால், சுமார் 95 முறை கிடைக்கும் விழுக்காடு உண்மை நிலையிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகாது) என்ற வழக்கமான கணக்குக்கு 384 பேர் போதும்தான். ஆனால் எல்லா உறுப்பினர்களுக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். திறன்பேசி இல்லாத பெண்களுக்கு உங்கள் முறையில் அந்த வாய்ப்பே இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைத் திரட்டியும், தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களையே பெரிதும் நம்பியதாலும், விடையனுப்பியோர் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாலும், லாண்டன் வெல்வார் என்று கணித்துத் தோற்றது, வென்றவர் ரூஸ்வெல்ட்.

ஆகவே மகளிர் திட்ட அலுவலகத்தில் வட்டார வாரியான குழுப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள குழுக்களின் எண்ணிக்கைக்கேற்பச் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, குழுவுக்கு மூன்று நான்கு பேரை மட்டும், அவர்களையும் குலுக்கியே எடுத்து, நேரில் சந்தியுங்கள். ஒரே குழுவினரின் பதில்கள் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்பதால் ஒரே குழுவில் அதிகம் பேரைச் சந்திப்பதைவிடக் குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பயன் தரும். அதே காரணத்தால் மொத்த எண்ணிக்கையையும் 384-ஐவிட உயர்த்த வேண்டியிருக்கும். வீட்டில் இல்லாதவருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டாரைச் சேர்க்காமல் மாலையில் மறுபடி செல்லுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பகலில் அகப்பட மாட்டார்கள்.