ஃபோஷானில் பாதி விலை, வெள்ளவத்தையில் என்ன விலை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறோம். குசினியைத் திருத்த வேண்டும். மொறட்டுவையில் உள்ள ஒரு பட்டறை, மேலும் கீழுமாகப் பான்ட்ரி அலுமாரிகள் செய்து பொருத்தித் தர 21 இலட்சம் ரூபாய் கேட்கிறது. கனடாவில் இருக்கும் என் தம்பி அதே அளவுகளைச் சீனாவின் ஃபோஷான் நகரத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பி விலை கேட்டான். 3,400 டொலர் என்று பதில் வந்தது. 30 சதவீதம் முற்பணம், கப்பலில் ஏற்றும் முன் மிகுதி. “பாதி விலை அக்கா, யோசிக்காதே” என்கிறான். கணவரின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் நிலையான வைப்பில் இருக்கிறது. முதிர்வுக்கு இன்னும் ஐந்து மாதங்கள். அதை இப்போதே உடைக்கலாமா? இன்னொன்று: பழைய அலுமாரிகளின் பலா மரக் கதவுகளைக் கழற்றி எறியச் சொல்கிறார் மேசன். எனக்கு மனம் வரவில்லை. ஃபோஷான் தொழிற்சாலையின் விலைக்கூற்றின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் 3,400 டொலர் 10 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 21 இலட்சத்தில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அது ஃபோஷானில் நிற்கிற அலுமாரியின் விலை. உங்களுக்கு வேண்டியதோ வெள்ளவத்தையில், நான்காம் மாடியில், சுவரோடு ஒட்டி நிற்கிற அலுமாரி.

நீங்கள் அனுப்பிய விலைக்கூற்றில் தொகைக்குப் பக்கத்தில் எஃப்.ஓ.பி என்று மூன்று எழுத்துகள் இருக்கின்றன. பொருளைச் சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிவிடுவதோடு விற்பவரின் கடமை முடிந்தது என்பது அதன் பொருள். கப்பல் கூலி, காப்புறுதி, கொழும்பில் வந்திறங்கிய பின் ஆகும் எல்லாச் செலவும் உங்கள் தலையில். தம்பி பார்த்தது தொகையை. நான் முதலில் பார்த்தது அந்த மூன்று எழுத்துகளை.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்களிடம் இருப்பது ஒரு முழுக் கொள்கலனை நிரப்பும் சரக்கு அல்ல. பிரித்துக் கட்டினால் நான்கைந்து கன மீற்றர் வரும். அதைப் பலருடைய சரக்கோடு சேர்த்து ஒரே கொள்கலனில் ஏற்றுவார்கள். இந்தப் பங்குச் சரக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. சீனப் பக்கத்தில் கப்பல் கூலியை நம்பமுடியாத மலிவாகச் சொல்வார்கள், சிலவேளை இலவசம் என்றுகூடச் சொல்வார்கள். விட்டதைக் கொழும்பில் இறக்கும்போது ஆவணக் கட்டணம், பிரித்தெடுக்கும் கட்டணம், கையாளும் கட்டணம் என்று பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கூலி கேட்கும்போது கொழும்புப் பக்கத்துக் கட்டணங்களையும் எழுத்தில் கேட்க வேண்டும். கூலிக்கும் காப்புறுதிக்கும் 300 டொலர் போடுவோம். மொத்தம் 3,700 டொலர், அதாவது 11 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய். சுங்கம் வரி போடத் தொடங்குவது இந்தத் தொகையிலிருந்துதான்.

மரத்தாலான சமையலறைத் தளபாடம் சுங்க வகைப்பாட்டில் 9403.40 என்ற தலைப்பின்கீழ் வருகிறது. அதற்குச் சுங்கத் தீர்வை, துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, செஸ் என்ற இன்னொரு இறக்குமதி வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். இந்த வீதங்கள் வர்த்தமானி வர வர மாறுபவை. செஸ் பல பொருட்களுக்கு இத்தனை சதவீதம் அல்லது கிலோவுக்கு இத்தனை ரூபாய், இரண்டில் எது கூடவோ அது என்றே விதிக்கப்படுகிறது. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்யும் துகள்பலகை அலுமாரி பிணம்போலக் கனக்கும் என்பதை அதைத் தூக்கிப் பார்த்தவர் அறிவார். எனவே இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் உள்ள தீர்வை வழிகாட்டியில் இந்த இலக்கத்தின் இன்றைய வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சதமாவது அனுப்ப வேண்டும். உங்களுக்கு அளவு புரிவதற்காக மூன்றும் சேர்ந்து 50 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். அது 5 இலட்சத்து 55 ஆயிரம்.

பெறுமதி சேர் வரிக்கு வரும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். பொருளின் விலைக்கு 18 என்று நினைத்துவிடாதீர்கள். சுங்கப் பெறுமதியோடு முதலில் 10 சதவீதத்தைக் கூட்டி, அதன்மேல் தீர்வை, அறவீடு, செஸ் எல்லாவற்றையும் கூட்டி, வரும் தொகைக்குத்தான் 18. வரிக்கும் வரி கட்டுகிறோம். உங்கள் கணக்கில் அந்த அடித்தளம் 17 இலட்சத்து 76 ஆயிரம். அதில் 18 சதவீதம் 3 இலட்சத்து 19 ஆயிரத்து 680. சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை வரி 2.5 சதவீதத்தையும் அதே அடித்தளத்தில் போட்டால் இன்னும் 44 ஆயிரத்து 400. ஆக வரி மட்டும் 9 இலட்சத்து 19 ஆயிரம். பொருள் துறைமுக வாசலைத் தாண்டும்போது 20 இலட்சத்து 29 ஆயிரம் ஆகிவிட்டது.

அலுமாரி இன்னும் வீடு வரவில்லை. கொழும்புப் பக்கக் கட்டணங்கள், சுங்கத்திலிருந்து பொருளை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட், லொறி, நான்கு மாடி ஏற்றும் கூலி என்று 1 இலட்சத்து 60 ஆயிரம். பொருத்தும் தச்சருக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். கூட்டினால் 23 இலட்சத்து 9 ஆயிரம். மொறட்டுவைக்காரர் கேட்டது 21.

தம்பி விடமாட்டார். “வரியைக் கூட்டிப் போட்டுவிட்டார்” என்பார். சரி, அந்த 50 சதவீதத்தைப் பாதியாக்கி 25 என்றே போட்டுப் பார்த்தேன். மற்றவை அப்படியே இருக்க, மொத்தம் 19 இலட்சத்து 75 ஆயிரம் வருகிறது. மிச்சம் ஒன்றேகால் இலட்சம். அந்த ஒன்றேகால் இலட்சத்தைச் சேமிப்பு என்று நான் சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத ஒரு தொழிற்சாலைக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, குறைபாடு, தாமதம், டொலர் ஏற்றம் மூன்றையும் நீங்களே சுமப்பதற்கான கூலி அது. என்னிடம் யாராவது அந்தக் கூலிக்கு அந்த வேலையைத் தந்தால் நான் வாங்கமாட்டேன்.

டொலரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 30, 70 என்று பிரித்துக் கட்டும்போது மிகுதிப் பணத்தின் ரூபாய் விலை உங்கள் கையில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அந்த நேரத்தில் இதே ஓடரைக் கொடுத்த ஒருவருக்கு மிகுதி 2,380 டொலர் 4 இலட்சத்து 76 ஆயிரத்திலிருந்து 8 இலட்சத்து 57 ஆயிரமாக ஏறியிருக்கும். வரியும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும். அன்று வங்கியில் டொலர் கிடைத்ததா என்பது வேறு கதை. அப்படி மீண்டும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து சதவீதம் நகர்ந்தாலே உங்கள் மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்றுதான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் இந்த ஆசையில் விழுந்தவன்தான். குளியலறைக்கு ஒரு கண்ணாடி அலுமாரி வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது ஒரு கதவின் கீழ்மூலை தேநீரில் தோய்த்த பாண்போல ஊதியிருந்தது. விரலால் அழுத்தினால் தூளாகக் கொட்டியது. எங்கோ வழியில் ஈரம் பட்டிருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். தொழிற்சாலையின் பதில் மிகக் கண்ணியமானது: “உங்கள் அடுத்த ஓடருடன் புதிய கதவை இலவசமாக அனுப்பிவைப்போம்.” அடுத்த ஓடரை யார் கொடுப்பது? அந்த ஒரு கதவை இங்கே செய்விக்க நிறம் பொருந்தவில்லை. இன்றைக்கும் எங்கள் குளியலறையில் மூன்று கதவு ஒரு வெள்ளை, நான்காவது வேறு வெள்ளை. விருந்தாளிகள் கவனிப்பதில்லை. என் மனைவி தினமும் கவனிக்கிறார்.

உங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் அளவு. இருபத்தாறு வருடத் தொடர்மாடியில் சுவர் நேராக இருக்காது, தரை மட்டமாக இருக்காது. தொழிற்சாலை மில்லிமீற்றர் கணக்கில் வெட்டி அனுப்பும். பழைய தரை ஓடு இருக்கும்போது அளந்துவிட்டு, பிறகு புது ஓடு பதித்தால் தரை ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும், மேல் அலுமாரிக்கும் கீழ் அலுமாரிக்கும் இடையிலான கணக்கே மாறிவிடும். மொறட்டுவைத் தச்சர் வந்து பார்த்து, சீவிப் பொருத்திவிட்டுப் போவார். ஃபோஷானிலிருந்து யாரும் சீவுளியோடு வரப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலையைக் குறைத்துக் காட்டிய இன்னொரு இன்வொய்ஸ் தருகிறோம், வரி குறையும் என்று விற்பவரே ஆசை காட்டுவதுண்டு. வேண்டாம். பொய்யான பெறுமதியைச் சுங்கத்துக்குக் கொடுப்பது குற்றம். பொருளும் போகும், அதற்கு மேல் தண்டமும் வரும். தம்பி கனடாவிலிருந்து பணம் கட்டினாலும் இங்கே காட்ட வேண்டிய பெறுமதி மாறாது.

ஆகவே என் பதில்: வரவழைக்க வேண்டாம். மொறட்டுவைக்காரரோடு பேசுங்கள். ஆனால் 21 இலட்சத்தையும் அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அவருடைய விலைக்கூற்றில் “பான்ட்ரி, முழுவதும்” என்று ஒரே வரிதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பெட்டிக்கு என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர்? ஈரம் தாங்கும் பலகையா, சாதாரணத் துகள்பலகையா? சிங்கின் அடியில் என்ன போடுகிறார்? குசினியில் முதலில் அழுகுவது அந்த இடம்தான். அங்கே மட்டும் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவூட் பலகை அல்லது அலுமினியம் கேளுங்கள். அலுமினியம் பார்வைக்கு அலுவலகம்போல இருந்தாலும் கறையான் அதைச் சீண்டாது.

அடுத்தது பிணைச்சலும் லாச்சித் தண்டவாளமும். கடற்காற்று படும் வீட்டில் கதவு பழுதாகும் முன்பே பிணைச்சல் செத்துவிடும். புளூம், ஹெட்டிச் போன்ற பெயருள்ளவற்றின் விலையைத் தனியாகக் கேட்டு, பழைய சோனகத் தெருவில் ஒரு காலைப் பொழுதைச் செலவழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் என்று கடைக்காரர் காட்டுவார். 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, மலிவான 201 தரத்திலும் பெரும்பாலும் ஒட்டாது. உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிப்பது 201. காந்தத்தை விட்டுவிட்டு, தரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் ஒழுங்கை நீங்களே முன்மொழியுங்கள். பலகை வாங்க 40, பெட்டிகள் வீட்டில் இறங்கியதும் 40, கதவுகள் பூட்டியதும் 10, கடைசி 10 ஒரு மாதம் கழித்து. அந்தக் கடைசிப் பத்துக்காகத்தான் சரிந்த கதவைத் திருத்த அவர் திரும்பி வருவார். இந்த ஒரு வசதி, எந்தக் கப்பலிலும் ஏற்றி அனுப்ப முடியாதது.

நிலையான வைப்பை உடைக்காதீர்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் வங்கி ஒப்புக்கொண்ட வட்டியைத் தராது, குறைந்த வீதத்தில் திருப்பிக் கணக்கிடும். கணவர் உழைத்த காலமெல்லாம் சேர்ந்த பணம் அது. அவசரம் உங்களுக்கு இல்லை, குசினி இன்னும் ஐந்து மாதம் தாங்கும். ஓடு வேலையையும் குழாய் வேலையையும் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து இப்போது முடியுங்கள். அலுமாரிக்கான அளவை அதற்குப் பிறகு எடுப்பதே முறையும்கூட. வேலை எப்படியோ முந்திவிட்டால், வைப்பை அடகாக வைத்து அதே வங்கியில் கடன் கேளுங்கள். கடன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூட இருக்கும். ஓரிரு மாதத்துக்கு அந்த வித்தியாசம், உடைப்பதால் போகும் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. இரண்டு தொகையையும் வங்கியில் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதிரும்போது முழுவதையும் எடுக்காமல் தேவையானதை மட்டும் எடுத்து மிகுதியை மறுபடி வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் முற்கூட்டியே கழிக்கப்படுகிறது. உங்கள் இருவரின் வருமானம் வரி எல்லைக்குக் கீழே என்றால் அதற்கான சுயபிரகடனத்தை வங்கியில் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். இதைச் செய்யாமல் இருக்கும் ஓய்வூதியர்களை நான் வாரம் ஒருவராகச் சந்திக்கிறேன்.

பலாக் கதவுகளுக்கு வருகிறேன். மேசனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? இருபத்தாறு வருடம் காய்ந்த பலா இனிப் பெரிதாக வளையாது, நெளியாது. ஒரு கதவின் பின்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே மஞ்சள் கறுத்துத் தேன் நிறமாக இருக்கும். மொறட்டுவைக்காரர் வரும்போது அவற்றை வாசலில் சாய்த்து வையுங்கள். சீவிப் பூச்சடித்து மேல் அலுமாரிகளுக்கு மாட்டினால் எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். அவர் முதலில் “பழசு அம்மா, உதவாது” என்றுதான் சொல்வார். அப்படியானால் நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உடனே விலை பேசத் தொடங்குவார்.