சிங்கப்பூரில் தனி ஆளாக டெக்னிக்கல் ரைட்டர் வேலை பார்ப்பவர், சொந்தக் காசு போட்டு மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: ஜூரோங்கில் ஒரு இயந்திரக் கம்பெனியில் மேனுவல் எழுதும் ஒரே ஆள் நீங்கள். முதலாளி பணம் தரத் தயங்குகிறார். உரைகள் எல்லாம் யூடியூபில் வந்துவிடுகின்றன. போனால் அங்கே ஒருவரையும் தெரியாது. பிறகு எதற்குப் போக வேண்டும்?

உரை கேட்பதற்காக என்றால் போக வேண்டாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மென்பொருள் ஆவணங்கள் எழுதுகிறவர்கள் கூடும் ரைட் தி டாக்ஸ் மாநாடு 2013-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. அதன் மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதே பேச்சை நேரில் கேட்க விமானம் ஏறுவது வீண் செலவு. போதாக்குறைக்கு இப்போது எந்த மாநாட்டு நிரலை எடுத்தாலும் பாதித் தலைப்புகளில் ஏஐ இருக்கிறது. அவற்றில் பல அடுத்த மாநாட்டுக்குள் பழசாகிவிடும்.

காணொளியில் வராத பகுதிகள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தான் போக வேண்டும். போர்ட்லண்டில் மேடைப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே ஒரு நாளை எழுதுவதற்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டம் ஏதாவது ஒன்றின் ஆவணங்களை ஒரு மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து திருத்தலாம். அதற்கு முந்தின நாள் விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து காட்டுப் பாதையில் நடக்கப் போகிறார்கள். மாநாட்டு நாட்களில் இன்னொரு அறையில் முன்கூட்டி நிரல் போடாத அமர்வுகள் நடக்கும். பேச வேண்டிய விஷயத்தை ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினால், அக்கறை உள்ளவர்கள் அந்த மேசைக்கு வந்துவிடுவார்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பெயர் கொடுக்கலாம். வேலை தேடுபவர்களும் ஆள் தேடும் கம்பெனிகளும் சந்திக்க இடம் உண்டு. கேட்கும்போது துணை நிகழ்ச்சிகள் போலத்தான் தெரியும். என்னைக் கேட்டால் மாநாடே இவைதான்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலைக்குப் பெரிய குழுக்கள் இருக்கின்றன. பக்கத்து நாற்காலிக்காரர் நம் பக்கத்தைப் படித்துவிட்டு "இது புரியலையே" என்பார். இங்கே பெரும்பாலும் கம்பெனிக்கு ஒரு ஆள்தான். இஞ்சினியரிங் பிரிவின் மூலையிலோ மார்க்கெட்டிங் பிரிவின் மூலையிலோ ஒரு மேசை கிடைக்கும். மேலதிகாரி ஒரு இஞ்சினியர். நம் எழுத்தைப் பற்றி அவர் சொல்வது, ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். நானும் உட்லண்ட்ஸில் ஒரு இயந்திரக் கம்பெனியில் பல வருடம் அப்படி இருந்தேன், அப்புறம்தான் மென்பொருள் பக்கம் வந்தேன். வேலையைத் தெரிந்த ஒருவர் நம் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாக எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் ஒரு பயிலரங்கு. வரும்போதே ஆளுக்கொரு பக்கம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் மேசையில் கோயம்புத்தூர் பக்கம் பம்புக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டியைப் பற்றிய பக்கம் ஒன்றை எடுத்து வைத்தார். சுத்தமான பக்கம். படங்கள் தெளிவு, எண் வரிசையில் படிகள். நான்காவது படி, "மூடியைத் திறக்கவும்." அதற்குக் கீழே சாய்வெழுத்தில் ஒரு குறிப்பு: "மின்சாரத்தை நிறுத்திய பின் ஐந்து நிமிடம் காத்திருக்கவும்." அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

மேசையில் விமானப் பராமரிப்பு மேனுவல் எழுதும் பெண் ஒருவர் இருந்தார். பக்கத்தை வாங்கிப் பார்த்தவர் எதையும் விமர்சிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளால் பக்கத்தை முழுதாக மூடினார். "சார், இப்ப நீங்க டெக்னீஷியன். கண்ணுக்குத் தெரியற வரியை மட்டும் படிங்க, படிச்சதைக் கையால செய்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தாளை வரி வரியாகக் கீழே இறக்கினார். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வந்ததும் பம்புக் கம்பெனிக்காரரின் கை காற்றில் ஒரு திருகைத் திருப்பி மூடியைத் தூக்கியது. அப்போதுதான் தாள் இன்னொரு வரி இறங்கியது. ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் வரி வெளியே வந்தது. அவர் கையை இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

விமானத் துறைக்காரர்களுக்கு இது அடிப்படைப் பாடம். அவர்கள் பின்பற்றும் ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதித்தொகுப்பில், செய்முறை வாக்கியம் ஒன்றில் 20 சொற்களுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25. எச்சரிக்கை வந்த பிறகுதான் படி வர வேண்டும் என்பதும் அந்தத் துறையின் வழக்கம். அந்தத் தொகுப்பின் பெயர்கூடத் தெரியாமல் நம் ஊரில் நல்ல மேனுவல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். அந்த வெள்ளைத் தாள் வித்தை எந்தக் காணொளியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. செலிட்டார் விமானத் தொழில் வளாகத்தில் இந்த மாதிரி மேனுவல்களோடு தினமும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். நம் தீவிலேயே இருந்தும் அவர்களைச் சந்திக்க எனக்கு வாய்ப்பு கிடைத்தது இப்படிப்பட்ட கூட்டங்களில்தான்.

அதனால் போவதென்றால் கையில் ஒரு பக்கம் இருக்கட்டும். கம்பெனி ரகசியம், வாடிக்கையாளர் பெயர், பாகங்களின் எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரே ஒரு பக்கம். மேலதிகாரியிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். இங்கே அந்த விஷயத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

யாரையும் தெரியாதே என்றீர்கள். ரைட் தி டாக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஹோல்ஷர் 'பாக்-மேன் விதி' என்று ஒன்றைப் பிரபலப்படுத்தினார். வட்டமாக நின்று பேசும்போது எப்போதும் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான். பாக்-மேன் என்ற வீடியோ விளையாட்டில் வரும் மஞ்சள் உருண்டையின் திறந்த வாய்தான் அந்த இடைவெளி. விதி தெரிந்த கூட்டத்தில் இடைவெளியைப் பார்த்துப் போய் நின்றால் போதும், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். நம்மவர்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நாலு தமிழர் ஒரு சாப்பாட்டு மேசையில் சேர்ந்துவிட்டால் அந்த வட்டத்துக்கு வாயே கிடையாது. பேச்சு ஊர், பிள்ளைகளின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), வீட்டு விலை என்று போய்விடும். அது தேக்காவில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்கும்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி தொண்டூழியம். பதிவு மேசையில் பெயர் அட்டை கொடுக்கிற வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சைத் தொடங்கக் காரணம் தேட வேண்டியதில்லை, வருகிறவர்களே உங்களிடம் வந்து பெயரைச் சொல்வார்கள். சில மாநாடுகளில் தொண்டூழியர்களுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. கேட்டுப் பாருங்கள்.

முதலில் விமானம் ஏறாமல் பழக வேண்டும் என்றால் உள்ளூரில் நடக்கும் மென்பொருள் மாநாடுகளைப் பாருங்கள். ஃபாஸ்ஏசியா என்ற ஓப்பன் சோர்ஸ் மாநாடு 2009-இல் வியட்நாமில் பிறந்தது, பிறகு பல ஆண்டுகள் சிங்கப்பூரில் நடந்தது. 2019-இல் பாய லேபாரில் உள்ள லைஃப்லாங் லேர்னிங் இன்ஸ்டிடியூட்டில் கூடினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "நான் நிரல் எழுதுவதில்லை, ஆவணம் எழுதுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். நிரலாளர்கள் உங்களை விடமாட்டார்கள். அவர்கள் கைவைக்க விரும்பாத வேலை அது.

கூட்டம் போட்டு என்ன சாதித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் வேறொரு மாநாட்டைக் காட்டுவேன். இணையத்தில் தமிழ் எழுதுவதைப் பற்றி 1997-இல் இங்கேதான் தமிழ்நெட் 97 நடந்தது. முன்னின்று நடத்தியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அப்போது ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் அனுப்பியது இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரியும். அந்தப் பேச்சு 1999-இல் சென்னை மாநாட்டில் தொடர்ந்து, தமிழ்99 விசைப்பலகை வரை போனது. 2000-இல் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் (உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம்) உருவானது. தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து எழுத்துரு செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு அறையில் உட்காராமல் அந்த உடன்பாடு வந்திருக்காது என்பது என் எண்ணம். மேனுவல் எழுதுகிறவர்கள் அவ்வளவு பெரிதாக எதையும் செய்ய வேண்டியதில்லைதான். ஆனால் ஒரே இயந்திரத்துக்கு மூன்று கம்பெனிகள் மூன்று விதமாக எச்சரிக்கை எழுதும் நிலைமையும் உட்கார்ந்து பேசினால்தான் தீரும்.

டெக்னிக்கல் ரைட்டர்களின் சங்கம் எதிலாவது சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேரலாம், ஆனால் அதையே நம்பிக் கிடக்க வேண்டாம். அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் 1950-களிலிருந்து இயங்கி வந்தது. 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டது. அதன் மாநாட்டுக்கென்று வருடா வருடம் காசு சேர்த்து வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். சங்கம் போனாலும் அங்கே பழகியவர்கள் இன்னும் ஒருவருக்கொருவர் பக்கங்களை அனுப்பிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இயந்திரத் துறையில் இருக்கும் உங்களுக்கு ஜெர்மனியின் தேகோம் சங்கம் நல்ல பொருத்தம். 1978-இல் தொடங்கியது. ஸ்டுட்கார்ட்டில் அவர்கள் நடத்தும் டிசிவேர்ல்டு மாநாட்டில் ஐஇசி/ஐஇஇஇ 82079-1 போன்ற பயன்பாட்டுக் குறிப்புத் தரங்களைப் பற்றிச் சட்டத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். உங்கள் கம்பெனி ஐரோப்பாவுக்கு இயந்திரம் விற்கிறது என்றால், முதலாளியிடம் பணம் கேட்க இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இணையம் வழியாகக் கலந்துகொள்வதாக இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை நான்கு. வேலை முடியும் நேரம், சமாளிக்கலாம். மே மாதத்தில் போர்ட்லண்டில் காலை ஒன்பது நமக்கு நள்ளிரவு. மறுநாள் விடுப்பு போட முடிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

இனி காசு. பயிற்சிக்கென்று அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருக்கும் பணத்தை நுழைவுச் சீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அங்கீகரிக்கப்பட்ட பாடங்களுக்கு மட்டும்தான். 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 வெள்ளி, 40 வயது நிரம்பியவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி, அதுவும் குறிப்பிட்ட பாடங்களுக்கு. வேலை அனுமதியில் இருக்கும் நம்மவர்களுக்கு இது எதுவும் கிடையாது, நிரந்தரவாசிகளுக்கும் இல்லை. நீங்கள் குடிமகன் என்றால் இந்தப் பணத்தில் ஒரு பாடத்தை முடித்துவிட்டு, அதில் மிச்சமாகும் சொந்தக் காசை மாநாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொந்தக் காசில் ஐரோப்பா போவது என் கணக்கில் அதிகம். பெங்களூர் என்றால் சரி என்பேன். நாலரை மணி நேரப் பயணம், ஊருக்குப் போகிற தேதியோடு ஒட்டிப் போட்டால் விமானச் செலவு தனியாகத் தெரியாது. வீட்டில் திட்டு விழும், அதை நான் தீர்த்துவைக்க முடியாது.

முதலாளியிடம் கேட்பதானால் மொத்தச் செலவையும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள். விமானமும் தங்குமிடமும் என்னுடையது, நுழைவுக் கட்டணமும் அந்த நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் மட்டும் வேண்டும் என்று கேளுங்கள். திரும்பி வந்து வாடிக்கையாளர் சேவைக் குழுவுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கத்தை மாநாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் இணைத்துவிடுங்கள். வருடத்துக்கான பயிற்சிப் பணத்தைப் பிரிக்கும் முன்பே அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி வருடம் கழித்துக் கேட்டால், பணம் ஏற்கெனவே விற்பனைப் பிரிவுக்குப் போயிருக்கும்.