கேள்வி – பதில்: கச்சான் காற்றும் நான்கு கோல்களும்

இம்முறை ஒரே போட்டியைப் பற்றி நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. மட்டக்களப்பின் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தின் உதைபந்தாட்ட அணி, உள்ளூர் லீக் போட்டியொன்றில் 1–4 என்ற கணக்கில் தோற்றிருக்கிறது. ஊரின் பெயரையும் அணிகளின் பெயரையும் தவிர்த்துவிட்டு, நான்கிற்கும் இங்கேயே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் மைதானத்தில் ஒரு கோல் வாவிப் பக்கமும் மற்றது கடற்பக்கமும் இருக்கின்றன. நாணயச் சுழற்சியில் வென்ற எங்கள் அணித் தலைவர், ஆட்டத்தைத் தொடக்கி வைக்கும் உதையைக் கேட்டு வாங்கினார். எதிரணியினர் வாவிப் பக்கமிருந்து வீசிய கச்சான் காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஆடி, இடைவேளைக்கு முன்பே மூன்று கோல்களை அடித்துவிட்டார்கள். பிறகு காற்று விழுந்துவிட்டது. நாங்களும் ஒரு கோல் அடித்தோம். நான்காவது கோல் அப்பட்டமான ஓப்சைட் (பின்கள வீரர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தை வாங்கும் பிழை). பக்கக் கோட்டிலிருந்து எறிந்த பந்தை, எங்கள் பின்கள வீரர்களுக்கு அப்பால் தனியே நின்றவர் வாங்கி அடித்தார். உதவி நடுவர் கொடியை உயர்த்தவே இல்லை. லீக்கிடம் முறையிட்டு மறுபோட்டி கேட்கலாமா?
— கழகச் செயலாளர் ஒருவர், மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. எறிந்த பந்தை நேரடியாகப் பெறுபவருக்கு ஓப்சைட் இல்லை என்று உதைபந்தாட்ட விதிகளில் பதினோராவது விதி சொல்கிறது. கோல் உதை (எதிரணி வெளியே அடித்த பந்தைக் கோலுக்கு முன்னாலிருந்து மீண்டும் ஆட்டத்துக்குக் கொண்டுவரும் உதை), கோணர் உதை இரண்டுக்கும் அதே விதிதான். ஆகவே உதவி நடுவர் செய்தது சரி. முதுகுக்குப் பின்னால் ஊரே நின்று கத்தியபோதும் அவர் அசையாமல் இருந்ததற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். நடுவர்கள் உண்மையிலேயே தவறியிருந்தாலும், ஆட்ட நிகழ்வுகளைப் பற்றிய நடுவரின் முடிவு, கோல் விழுந்ததா இல்லையா என்பது உட்பட, இறுதியானது என்பது ஐந்தாவது விதி. எழுத்து மூல முறைப்பாட்டினால் பயன் கிடைப்பது, பதிவு செய்யப்படாத வீரரை எதிரணி இறக்கியது போன்ற விடயங்களில்தான். உங்கள் லீக்கின் போட்டி விதிமுறைகளை ஒருமுறை முழுமையாக வாசித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

முறைப்பாட்டை விட, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட நாணயச் சுழற்சிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பெல்லாம் சுழற்சியில் வென்றவர் பக்கத்தைத் தெரிவு செய்வார். தொடக்க உதை தோற்றவருக்குப் போகும். 2019 இல் விதி மாறியது. வென்ற அணி, முதற்பாதியில் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்பதையோ தொடக்க உதையையோ தெரிவு செய்யலாம். இந்தப் புதிய உரிமையைப் பல தலைவர்கள் பந்தை முதலில் தொடும் ஆசைக்காகச் செலவழித்துவிடுகிறார்கள். தொடக்க உதையால் உங்களுக்குக் கிடைத்தது சில நொடிகள் பந்து. எதிரணிக்குக் கிடைத்தது 45 நிமிடங்கள் காற்று.

கச்சானைப் பற்றி நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிச் சூடேறி, வாவியைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது. உதைபந்தின் எடை 410 முதல் 450 கிராம். அது அந்தரத்தில் எழும்பிவிட்டால் அடித்தவரின் பேச்சைக் கேட்பதை விடக் காற்றின் பேச்சைத்தான் கேட்கும். கடற்பக்கக் கோலைக் காத்து நின்ற உங்கள் பிள்ளைக்கு, காற்று முகத்தில் அடித்ததோடு பின்னேர வெயிலும் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது.

கச்சான் காலத்தில் நாணயச் சுழற்சியில் வென்றால், காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக்கொள்ளுங்கள்; இடைவேளைக்குப் பின் அது இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதை இந்தப் போட்டியிலேயே பார்த்துவிட்டீர்கள். ஆனால் அப்படிச் செய்தால், இரண்டாம் பாதியில் உங்கள் கோல் காப்பாளர் இன்னும் தாழ்ந்துவிட்ட வெயிலைப் பார்த்து நிற்க நேரிடும். அவர் தொப்பி அணிவதற்கு விதியில் தடையில்லை. கழகச் செலவில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் வெறுங்காலுடன் ஆடியே கிண்ணங்கள் வென்றவர்கள். இன்றைய பொடியன்மார் பூட்ஸ் போட்டுக்கொண்டும் வழுக்கி விழுகிறார்கள். தோல்விக்கு அதுதானே காரணம்?
— முன்னாள் வீரர், அதே ஊர்

பதில்: ஐயா, வெறுங்காலின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் நின்றுதான் பிரான்சை மிரட்டினார்கள். ஆனால் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1–2 என்று தோற்றார்கள். இன்று நான்காவது விதிப்படி காலணியும், கணைக்காலின் முன்புறத்தைக் காக்கும் காப்பும் கட்டாயம். பூட்ஸ் இல்லாமல் உங்கள் பேரன் மைதானத்துக்குள் இறங்கவே முடியாது.

இருந்தாலும் உங்கள் கண் பிழையாகப் பார்க்கவில்லை. செயலாளர் அனுப்பிய நிழற்படத்தில், இடது பின்கள வீரரின் குதிக்காலுக்கும் பூட்ஸுக்கும் இடையில் ஒரு விரலை நுழைக்கலாம். முன்பக்கம் கடதாசி திணித்திருப்பார் என்று நினைக்கிறேன். கிழமை முழுவதும் மணலில் வெறுங்காலுடன் ஓடிவிட்டு, போட்டியன்று மட்டும் அண்ணனுடைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வருபவர் வழுக்காமல் என்ன செய்வார்? குறையைச் சரிசெய்யும் இடம் பயிற்சி. போட்டிக்குப் போடும் பூட்ஸைப் பயிற்சிக்கும் போட்டால் கால் பழகிவிடும். தேய்ந்துவிடும் என்று பொத்திவைப்பதில் இலாபம் இல்லை.

கேள்வி: அந்தப் போட்டியில் கோல் காத்தவர் என் தம்பி. வயது 17. முதல் இரண்டு கோல்களும் அவன் அடித்த கோல் உதை பாதி வழியில் விழுந்து, எதிரணியிடம் போனதால் வந்தவை. "காசு வாங்கிவிட்டான்" என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். கட்டாரிலிருந்து மாமா அனுப்பிய கையுறைகளைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். பயிற்சிக்கும் போவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
— ஓர் அக்கா

பதில்: முதலில் ஊராருக்கு. லீக் போட்டி முடிந்து பஸ் காசுக்குச் செயலாளரைத் தேடுகிற அணியில், காசு வாங்கிவிட்டான் என்று ஒரு பிள்ளையைச் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கோல் உதைகளைப் பார்ப்போம். உயர்த்தி அடித்த பந்தை எதிர்க்காற்று நிறுத்தி, எதிரணியின் காலடியில் போட்டிருக்கிறது; இன்னும் பலமாக உயர்த்தி அடித்திருந்தாலும் காற்று அதை அதிக தூரம் போக விட்டிருக்காது. இதற்கு வேறு வழி இருந்தது. 2019 வரை கோல் உதையில் பந்து, கோலுக்கு முன்னாலுள்ள தண்டனைப் பரப்பை விட்டு வெளியேறிய பின்பே மற்றவர் பந்தைத் தொடலாம். இப்போது பந்து உதைக்கப்பட்டு அசைந்தவுடனேயே ஆட்டத்துக்கு வந்துவிடுகிறது; சக வீரர் பரப்புக்குள்ளேயே நின்று அதை வாங்கலாம், எதிரணியினர் உதைக்கு முன் வெளியே நிற்க வேண்டும். இரண்டு பின்கள வீரர்கள் அவனுக்கு இரு பக்கமும் இறங்கி நின்று, பந்தைத் தரையோடு வாங்கியிருந்தால் கச்சானுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. அப்படி இறங்கி வரும்படி அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் பயிற்றுவிப்பாளர். முதல் கோலுக்குப் பிறகாவது அதைச் சொல்லாமல், இரண்டாவது முறையும் அதே உதையை அடிக்க விட்டது யாருடைய பிழை என்று கழகம் கேட்டுப் பார்க்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது சிறிது. மைதானத்துக்குப் போ என்று அவனை வற்புறுத்த வேண்டாம். மேலே உள்ள பந்தியை மட்டும் வாசிக்கக் கொடுங்கள். மிச்சத்தைச் செய்ய வேண்டியவர் அணித் தலைவர். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து, பக்கத்தைத் தெரிவு செய்யாமல் விட்டவன் நான்தான் என்று தம்பியிடம் நேரில் சொல்ல வேண்டும். அதைக் கழகக் கூட்டத்திலும் சொன்னால் கடைத்தெரு தானாக அடங்கும். இந்த இதழ் கிடைத்ததும் செயலாளரே அதற்கு ஏற்பாடு செய்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: மூன்றாவது கோல் விழுந்ததும், பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். செய்திருக்கலாமா? எப்படியும் தோல்விதானே?
— இரசிகர் ஒருவர்

பதில்: கூடவே கூடாது. ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடர முடியாது. வேண்டுமென்றே வெளியேறிய அணிக்கு, அந்தப் போட்டியைப் பறிகொடுப்பதோடு தண்டமோ தடையோ கூட வரலாம். நின்று ஆடியதால் உங்களுக்கு ஒரு கோலாவது கிடைத்தது. இரண்டு அணிகள் புள்ளிகளில் சமமாக முடியும்போது பல லீக்குகளில் கோல் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள். 1–4 இல் உங்கள் கணக்கிலிருந்து மூன்று குறையும், அந்தக் கோல் இல்லாமல் 0–4 என்றால் நான்கு குறைந்திருக்கும். எல்லோரும் முன்னால் ஓடிப்போய்ப் பின்களத்தைத் திறந்து போட்டதால் அந்த நான்காவது கோலும் விழுந்தது என்று செயலாளரின் கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. அடுத்த போட்டியில் பின்தங்க நேர்ந்தாலும், பின்னால் இருவரையாவது நிறுத்திவிட்டுத் தாக்கச் சொல்லுங்கள்.