எட்டு நண்பர்கள், ஒரு செபாங்: பணத்தை எதில் போடுவது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர். ஐந்து பேர் கோவை, இரண்டு பேர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர். வருஷத்துக்கு ஒரு மோட்டோஜிபி (உலக பைக் பந்தயத் தொடர்) பந்தயம் சேர்ந்து போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம், முதலில் மலேசியாவின் செபாங். கூரையில்லாத புல்மேட்டு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு கோலாலம்பூரில் நல்ல ஹோட்டலில் தங்கலாமா? கணக்கில் மனஸ்தாபம் வராமல் இருக்க என்ன வழி?"

முதலில், செபாங்கைத் தேர்ந்தெடுத்தது சரி. 2023ல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் (பந்தயத் தடம்) நடந்ததுதான் இதுவரை இந்தியா பார்த்த ஒரே மோட்டோஜிபி. அக்கம்பக்கத்தில் தாய்லாந்தின் புரிராமும் உண்டு, ஆனால் அது பாங்காக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர், முதல் பயணத்துக்கு வேண்டாம். செபாங் சர்க்யூட் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, சிங்கப்பூர் நண்பருக்கு ஒரு மணி நேரப் பறப்புதான்.

ஆனால் உங்கள் செலவுத் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். ஹோட்டலில் மிச்சம் பிடித்து அந்தக் காசைக் கூரையுள்ள ஸ்டாண்டில் போடுங்கள். பந்தயம் வருவது அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில், மதியம் தாண்டினால் எந்த நேரமும் இடியோடு மழை. 2012ல் மழை கொட்டி 13 சுற்றோடு பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். 2016, 2017 இரண்டு வருஷமும் நனைந்த தளத்தில்தான் இத்தாலிய வீரர் டொவிட்சியோசோ ஜெயித்தார். பைக்குகளுக்கு மழை டயர் உண்டு, புல்மேட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றும் கிடையாது. மூன்று நாளில் ஒரு நாள் நனைந்தாலே நாலு பேர் "மறுபடியும் இதுக்கா வரணும்" என்பார்கள், வருஷாந்திரப் பயணம் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு இருக்கும் பெரிய கவலை அதுதான்.

எந்த ஸ்டாண்ட்? நடுவில் இருக்கும் மெயின் கிராண்ட்ஸ்டாண்டுக்கு இரண்டு முகம். ஒன்று ஸ்டார்ட் நேர்கோட்டையும் பிட்டையும் (அணிகள் பைக்கைத் தயார் செய்யும் இடம்) பார்க்கும், மற்றது பின் நேர்கோட்டைப் பார்க்கும், இரண்டையும் 15ஆம் வளைவு இணைக்கிறது. பிட் வேலைகளும் பரிசளிப்பும் பார்க்க வேண்டும் என்றால் முதல் முகம். ஒருவரை ஒருவர் முந்தும் சண்டை பார்க்க வேண்டும் என்றால் என் ஓட்டு முதல் வளைவுப் பக்கம் இருக்கும் கே1 ஸ்டாண்டுக்கு. முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வரும் பைக் அங்கே திடீரென்று பிரேக் பிடிக்கும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அப்படியே அமுங்கும், பின் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடும், ஓட்டுபவர் உள்பக்கக் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தொங்கவிடுவார். வலது பக்கம் சாய்ந்த மூச்சிலேயே இரண்டாம் வளைவுக்காக இடது பக்கம் புரள வேண்டும், முதல் வளைவில் முந்தியவரை அடுத்தவர் அந்த இடத்தில் திருப்பி முந்துவார். டிவியில் அந்த அமுங்கலும் புரளலும் சரியாகத் தெரியவே தெரியாது.

எங்கே உட்கார்ந்தாலும் 5.543 கிலோமீட்டர் தடத்தில் ஒரு துண்டுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் புக் செய்யும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: உங்கள் வரிசை கூரைக்கு அடியில் வருகிறதா, எதிரே பெரிய திரை தெரிகிறதா. திரை தெரியாத இருக்கையில் யார் எத்தனையாவது என்றே புரியாமல் போய்விடும்.

ஞாயிறு மட்டும் போய்விட்டு வரலாமா என்று குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார். பிரதான பந்தயம் 20 சுற்று, சுமார் 40 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்காக மட்டும் கடல் தாண்டிப் போகாதீர்கள். 2023லிருந்து சனிக்கிழமை தகுதிச் சுற்றும் ஸ்பிரின்ட் என்ற குட்டிப் பந்தயமும் ஒரே நாளில் நடக்கின்றன, என்னைக் கேட்டால் முழு வார இறுதியில் சனிதான் நிறைவான நாள். வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு, இடத்தைப் பழகிக்கொள்ளலாம்.

தங்குவது கோலாலம்பூரில் வேண்டாம். அங்கிருந்து சர்க்யூட் சுமார் 60 கிலோமீட்டர், பந்தயம் முடிந்ததும் எல்லோரும் ஒரே சாலையில்தான் திரும்ப வேண்டும். நீலாய், சலாக் திங்கி, சைபர்ஜெயா இந்தப் பக்கம் இரண்டு அபார்ட்மென்ட் எடுங்கள். செயலியில் கூப்பிடும் கிராப் டாக்சியை நம்பி ஞாயிறு சாயங்காலம் வாசலில் நிற்காதீர்கள், அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதே செயலியைத் திறந்துகொண்டிருப்பார்கள். எட்டுப் பேர் என்பதால் டிரைவரோடு ஒரு வேனை மூன்று நாளுக்குப் பேசிவிடலாம், தலைக்குப் பிரித்தால் பெரிதாக வராது. திரும்பும் விமானம் திங்கட்கிழமை. மழையால் பந்தயம் தள்ளிப்போனால் ஞாயிறு இரவு விமானத்தை நினைத்து யாரும் பாதியில் எழுந்து ஓட வேண்டாம்.

விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாத அனுமதி இருக்கிறது. அதன்பிறகு என்றால் புக் செய்வதற்கு முன் பாருங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் மூடிவிட்டு மலேசிய இமிகிரேஷன் தளத்துக்குப் போங்கள்.

இப்போது பணம். பந்தய டிக்கெட் எட்டையும் ஒரே ஆர்டரில் ஒருவர் வாங்கட்டும், அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கும். அவர் கார்டு அடிப்பதற்கு முன்னாலேயே மற்ற ஏழு பேரும் பணம் அனுப்பியிருக்க வேண்டும், "வாங்கிடு மச்சி, அப்புறம் தரேன்" என்பதற்கு இடமே வேண்டாம். கூகுள் காட்டும் ரிங்கிட் விலையில் கணக்குப் போடாதீர்கள், வங்கி தன் மார்க்கப்பையும் (வெளிநாட்டுப் பணத்துக்கான கூடுதல் கட்டணம்) அதன் மேல் ஜிஎஸ்டியையும் சேர்த்துத்தான் பிடிக்கும். ஸ்டேட்மென்ட்டில் வந்த தொகையை எட்டால் வகுத்து, குறைவதை உடனே கொடுத்துவிடுங்கள். கார்டு அடித்தவர் நஷ்டத்தை வெளியே சொல்ல மாட்டார், ஆனால் மனதில் வைத்திருப்பார்.

கடைசியில் ஒருவர் வரமுடியாமல் போவது சகஜம், அதுவும் தீபாவளியை ஒட்டி வரும் பந்தயம் இது. 2024ல் தீபாவளி அக்டோபர் 31, பந்தயம் நவம்பர் 3. அதனால் விலகுபவர் தனக்குப் பதில் ஆள் பிடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் டிக்கெட் காசு அவருடையது என்று டிக்கெட் வாங்கும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் எழுதி எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். அங்கே போனதும் வேன், தண்ணீர், பொதுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரே தொகை ரிங்கிட்டாகப் போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். மது மட்டும் அந்தப் பையிலிருந்து வேண்டாம். மலேசியாவில் வரியால் அதன் விலை அதிகம், குடிக்காத இரண்டு பேர் அதைச் சுமந்தால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள்.

ஊர் திரும்பிய மாதத்திலேயே அடுத்த பயணத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை போட ஆரம்பித்துவிடுங்கள். இந்த முறை கணக்குப் பார்த்தவருக்கு அடுத்த முறை ஓய்வு, வேறொருவர் பார்க்கட்டும்.